மழைக்கு முந்திப் போன டிராக்டர்

நான் வீட்டிலிருந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவள். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, தனியாள். இதைக் கோவில்பட்டியில் ஒருவருக்குப் புரியவைப்பதற்குள் ஒரு சாஃப்ட்வேரையே எழுதி முடித்துவிடலாம். "எந்தக் கம்பெனி?" என்பார்கள். "கம்பெனி எல்லாம் இல்லை, நானேதான்" என்றால், "அப்ப வீட்டுல சும்மாதான் இருக்கியா?" என்பார்கள். சும்மா இருக்கிறவளுக்கு எத்தனை வேலை வரும் என்று எனக்கல்லவா தெரியும்! எங்கள் தெருவில் யார் ஆதார் கார்டிலாவது பிறந்த தேதி தப்பாக இருந்தால் நான். போனில் படம் நிறைந்துபோய் இடமில்லை என்று வந்தால் நான். பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டரை வாங்கி வைக்கவும் நான்தான். பகலெல்லாம் வீட்டில் இருக்கிற ஒரே படித்த பெண் என்ற பட்டம் எனக்கு.

சென்னையில் கம்பெனியில் இருந்தபோது இப்படி இல்லை. ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசுவார், நான் எழுதுவேன், இன்னொருத்தி அதில் ஓட்டை கண்டுபிடிப்பாள். தப்பு வெளியே போய்விட்டால் ஐந்து பேர் கூடி உட்கார்ந்து ஆறாவது ஆளைக் கைகாட்டுவோம். கல்யாணமாகி இங்கே வந்து, வேலையை விட்டுத் தனியாக ஆரம்பித்தபின் பேசுவதும் நான், எழுதுவதும் நான், ஓட்டை பார்ப்பதும் நானே என்று ஆனது. என் எழுத்தில் ஓட்டை இருக்கிறது என்று எனக்கே தெரிந்தால் நான் ஏன் அப்படி எழுதப்போகிறேன்?

வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவருக்குத் தீப்பெட்டி ஆபீசில் மேற்பார்வை வேலை. நான் சொன்னேனே, நான் சும்மா. மூன்றாவது ஆள் அத்தை, கணவரின் அம்மா. அத்தைக்குக் கழுகுமலை போகிற சாலையில் ஒரு கிராமத்தில் நாலு ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. காலையில் மினி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். போகாத நாட்களில் என் அறைக்கு வருவார். வெளிநாட்டு வாடிக்கையாளர் திரையில் தலை தெரியப் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் வந்து நின்று, "ஏட்டி, மாடியில வத்தல் காயுது. காக்காயப் பாத்துக்கிடு. நான் ரேசன் கடைக்குப் போறேன்" என்பார். "அத்தை, மீட்டிங்!" என்றால், "பேசு பேசு. வாயிதான பேசுது? கண்ணு சும்மாதான இருக்கு?" என்பார்.

அந்த நாலு ஏக்கர்தான் வீட்டில் ஓயாத பேச்சு. இரண்டு வருஷமாக விளைச்சல் சரியில்லை. இந்த வருஷமும் போனால் நிலத்தைச் சோலார் தகடு போடுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அத்தையும் தலையாட்டிவிட்டார். தலையாட்டிய அன்று அவர் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

விளைச்சல் போனதற்குக் காரணம் மழை இல்லை, டிராக்டர். இது கரிசல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கிணறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. வானம் பார்த்துத்தான் விதைப்பு. உழவு மழை என்று ஒன்று பெய்ய வேண்டும், அதாவது கலப்பை இறங்குகிற அளவுக்கு மண் நனைய வேண்டும். நனைந்தவுடன் இறங்கவும் முடியாது, மண் காலைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தராது. இரண்டு நாள் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் ஈரம் இருக்கும். அந்த ஐந்தாறு நாளுக்குள் உழுது விதைத்தவன் பிழைத்தான். அந்த வட்டாரத்துக்கே நாலு டிராக்டர், நாலும் ஒரே அண்ணாச்சியுடையவை. இரண்டு வருஷமும் அத்தை நிலத்துக்கு டிராக்டர் வரும்போது மண் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது.

அந்த டிராக்டர் அண்ணாச்சியே ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். மழை பெய்து ஒரு மணி நேரத்துக்குள் அறுபது பேர் போன் பண்ணுவார்களாம். யாருக்கு முதலில் அனுப்பினாலும் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் ஏசுவார்களாம். போன வருஷம் தாங்க முடியாமல் போனை அணைத்துவிட்டுக் கழுகுமலையில் மலை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாராம்.

"எனக்கு வேண்டியது ஒண்ணுதான் தாயி" என்றார். "'வரிசைய நான் போடல, கம்ப்யூட்டர் போடுது'ன்னு நான் சொல்லணும். அதுக்கு ஒரு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்துரு."

உள்ளூரில் எனக்கு வந்த முதல் வேலை. தலைகால் புரியவில்லை. இது நன்றாக ஓடினால் அரைவை மில், விதைக்கடை, ஆயத்த ஆடைக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வருவார்கள், தெருவும் என்னைச் சும்மா என்று சொல்லாது என்று கோட்டை கட்டினேன். அண்ணாச்சி வாசல் தாண்டியதும் அத்தை என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, நம்ம பேர மொதல்ல போட்டுரு."

"அப்படி எல்லாம் போட முடியாது அத்தை. யார் முதலில் பதிகிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பெரிய நியாயம்" என்று முந்தானையை உதறிக்கொண்டு போனார்.

ஆனால் எழுதி முடித்துச் சோதித்துப் பார்க்கும்போது ஏதாவது ஒரு பெயர் போட வேண்டுமே? கையில் வந்தது அத்தை பெயரும் அத்தை போன் நம்பரும்தான். அதை அழிக்க மறந்துபோனேன். ஆக வரிசையில் முதல் பெயர் அத்தையுடையதாகவே நின்றுவிட்டது. நியாயம் பேசின வாய்க்கு இது நன்றாகத்தான் வேண்டும்.

பெரிய தப்பு அதுவல்ல. சென்னையில் கற்ற பழக்கத்தில் 'எந்தத் தேதிக்கு டிராக்டர் வேண்டும்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. நிரப்பிய தேதியில் காலை ஐந்தரைக்கு விவசாயிக்கும் டிரைவருக்கும் தானாகச் செய்தி போகும். பார்க்க அழகாக இருந்தது. நானே இரண்டு தடவை ரசித்துக்கொண்டேன். வானம் பார்த்த பூமியில் எவன் தேதி சொல்லுவான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அண்ணாச்சியின் ஷெட்டில் போன் எடுக்க, என்னை அக்கா என்று கூப்பிடுகிற ஒரு தங்கச்சி இருந்தாள். சூட்டிகையான பெண், ஒரே நாளில் எல்லாம் கற்றுக்கொண்டாள். ஆவணியில் பதிவு ஆரம்பித்த அன்று எனக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, எந்தத் தேதிக்கு வேணும்னு கேட்டா, 'மழை பெய்யுத அன்னைக்கு'ன்னு சொல்லுதாவ. என்னத்தப் போட?"

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக்காரருக்கு ஏதோ ஒன்று ஓடாமல் நின்றுபோய், அவர் இன்னொரு பக்கம் காத்துக்கொண்டிருந்தார். "ஏதாவது ஒரு தேதியப் போட்டு விடும்மா, பிறகு மாத்திக்கிடலாம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு மாற்ற வேண்டும் என்பதையும் போனோடு சேர்த்து வைத்துவிட்டேன். தனியாளாக வேலை பார்க்கிறவர்களின் பாதித் துன்பம் இந்த 'பிறகு' என்கிற ஒன்றில்தான் இருக்கிறது. ஞாபகப்படுத்த இன்னொரு ஆள் கிடையாது.

அவள் யோசித்திருக்கிறாள். ஏதாவது ஒரு தேதி போடுவது என்று ஆனபின் நல்ல தேதியாகப் போடுவோமே என்று காலண்டரை எடுத்திருக்கிறாள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது அல்லவா? புரட்டாசியில் ஒரு புதன்கிழமையைப் பார்த்து, அத்தையையும் சேர்த்து அறுபத்து மூன்று பேருக்கும் அதே தேதியைப் போட்டுவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை வந்தது. வானம் கழுவிக் கவிழ்த்த வெண்கலச் சட்டி மாதிரி துடைத்துக் கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. காலை ஐந்து மணிக்கே கதவைச் சாத்திக்கொண்டு, போன் சத்தத்தை அடக்கிவிட்டு, வெளிநாட்டுக்காரரோடு உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் எனக்கு விடியற்காலை. எட்டரைக்கு வெளியே வந்து போனை எடுத்தால் நாற்பத்தோரு அழைப்புகள், அத்தனையும் டிராக்டர் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"என்ன தாயி இப்படிக் கேக்குத? மழை எத்தன மணிக்கு வருது?"

"மழையா?"

"அறுவத்து மூணு பேருக்கும் 'இன்று காலை ஆறு மணிக்கு உங்கள் நிலத்துக்கு டிராக்டர் வரும்'னு செய்தி போயிருக்கு. ஊரு பூரா எனக்குப் போன் போட்டு மழை எப்பன்னு கேக்குதாவ. நீ சாட்டிலைட்டு கீட்டிலைட்டுல சேத்து விட்டிருப்பன்னுல்லா நான் நெனச்சேன்!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எங்கள் பக்கத்தில் மழை இல்லாமல் டிராக்டர் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஆக டிராக்டர் வருகிறது என்று செய்தி வந்தால், மழை வருகிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்குத் தெரியாமலா சொல்லும் என்று அறுபத்து மூன்று வீட்டிலும் எல்லாரும் எழுந்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். யாரோ மாடியில் காய்ந்த வத்தலை அள்ளி உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒருவர் செங்கல் சூளைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிடித்தது டிராக்டர், முடிந்தது வானிலை நிலையம்.

"அண்ணாச்சி, அது மழைச் செய்தி இல்ல. சும்மா போட்ட தேதி. என் தப்புதான். டிராக்டரை எல்லாம் திரும்பி வரச் சொல்லுங்க" என்றேன். அதற்கு அவர் பேசினார். அதை இங்கே எழுத முடியாது.

எல்லாம் பேசி முடித்துவிட்டு, "எல்லாத்தையும் சனங்களே திருப்பி அனுப்பிட்டாவ. ஒண்ணே ஒண்ணுதான் ஓடிக்கிட்டு இருக்கு" என்றார்.

"யார் நிலத்துல?"

"ஒன் மாமியா நிலத்துலதான்."

அடுக்களைக்கு ஓடினேன். அத்தை இல்லை. மச்சுக்குக் கீழே அவர் பத்திரமாகக் கட்டி வைத்திருந்த விதைச் சோள மூட்டையும் இல்லை. சொந்த நிலத்தில் விளைந்ததில் கதிர் கதிராகப் பார்த்து எடுத்து, வேப்பிலை போட்டுக் கட்டி வைத்த விதை. வேறு விதை கிடையாது. ஸ்கூட்டியை எடுத்தேன். துப்பட்டாவைக் கூடச் சரியாகச் சுற்றவில்லை. வழி நெடுக நான் என்னையே ஏசிக்கொண்டு போனதை எதிரே வந்த மினி பஸ்காரர் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

தூரத்திலேயே தெரிந்தது. கரிசல் புழுதி கறுப்பாக எழும்பி, அதற்குள் டிராக்டர் இருக்கிற இடமே தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் விதையை வைத்துக்கொண்டு வீசிக்கொண்டே நடந்தார். ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்திருந்தது.

"மருமக மழைய அனுப்பியாச்சாம்லா? பின்னால பஸ்ஸுல வருது போல" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தை என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? தண்ணி கொண்டாந்தியா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நான் எப்படிச் சொல்லுவேன், 'அத்தை, நிறுத்துங்க, அது பொய்ச் செய்தி' என்று? நாலில் மூன்று ஏக்கர் முடிந்திருந்தது. மீதியும் என் கண் முன்னால் முடிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்தை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

புழுதியில் விதைப்பது முன்காலத்தில் வழக்கம்தான். ஆனால் அது சூதாட்டம். நல்ல மழை சீக்கிரம் வந்தால் மற்றவர்களுக்கு முந்தி முளைத்துவிடும். வராவிட்டால் பாதியை எறும்பு இழுத்துக்கொண்டு போகும். அதைவிடக் கெட்டது தூத்தல். மண் மேலாக்க நனைந்தால் விதை மழை என்று நம்பி முளைத்துவிடும், மறுநாள் வெயிலில் கருகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது அடுத்த நாட்களில்தான். வேலையே ஓடவில்லை. திரையில் பாதி சாஃப்ட்வேர், பாதி வானிலைப் படம். முன்பெல்லாம் மொட்டை மாடிக்குப் போகச் சொன்னாலே சிணுங்குகிறவள், மணிக்கொரு தடவை தானாக ஏறி மேற்கே பார்த்தேன். கணவர், "என்ன, சோலார்காரன் வந்துட்டானான்னு பார்க்கியா?" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் கோபத்தில் அன்று குழம்புக்கு உப்புப் போடவில்லை.

இதற்கிடையில் அந்தத் தேதிக் கட்டத்தைப் பிடுங்கி எறிந்தேன். இப்போது அது தேதி கேட்காது. எந்த ஊரில் உழவு மழை பெய்தது என்று கேட்கும். அண்ணாச்சி ஊர் பெயரை அமுக்கினால்தான் அந்த ஊர் வரிசை நகரும். ஒரு நாள் வேலை. இதை முதலிலேயே செய்ய, ஆவணியில் அந்தத் தங்கச்சி சொன்னதை ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

எட்டாம் நாள் சாயங்காலம் நான் பயந்தது வந்தது. தூத்தல். சாலையை நனைத்து, மண்வாசனையைக் கிளப்பி, கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. தெருவில் பிள்ளைகள் குதித்தார்கள். அத்தை வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அந்தச் செய்தி மழைச் செய்தி இல்ல. தேதி போடாட்டா என் சாஃப்ட்வேர் அடுத்த கட்டத்துக்கு விடாது. அதுக்காகச் சும்மா போட்ட தேதி அது. உங்க பேர் முதல்ல இருந்ததும் நான் சோதிச்சுப் பார்க்கப் போட்டு அழிக்காம விட்டதுதான். எல்லாம் என் தப்பு. என்னை நம்பி விதைய எல்லாம் மண்ணுல போட்டுட்டீங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு ஒன்ன நம்புனா?" என்றார். "அம்பது வருசமா வானத்தப் பாக்குதேன். அன்னைக்கு ஒரு பொட்டு மேகம் இல்ல. மழை வராதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"பிறகு ஏன் அத்தை விதைச்சீங்க?"

"சும்மா மண்ணப் பாத்துட்டு வரலாம்னுதான் மூட்டையத் தூக்காம கெளம்புனேன். தெருமுனையில பஸ்ஸுக்கு நிக்கும்போது, நெலத்துக்குப் போக நின்ன அத்தன பேரும் போனப் பாத்துப் பாத்து ஒன்னத்தான் சிரிக்காவ. ஏசுதாவ. வந்த டிராக்டர ஒவ்வொருத்தரும் திருப்பி அனுப்பிட்டாவளாம். திரும்பி வந்து மூட்டைய எடுத்துட்டுப் போனேன். நானும் திருப்பி அனுப்பிட்டா என்ன பேசுவாவ? 'சொந்த மாமியாளே நம்பல'ன்னு பேசுவாவ. பிறகு ஒன் கம்ப்யூட்டர் பெட்டிய எவன் நம்புவான்? ஒனக்கு எவன் வேல தருவான்?"

எந்த வருஷத்தை நம்பி அந்த நிலம் நின்றதோ, அந்தக் கடைசி வருஷத்து விதையைத் தெரிந்தே அள்ளிப் புழுதியில் வீசியிருக்கிறார், என் வேலைக்காக. என்னைச் சும்மா இருக்கிறவள் என்று காக்காய் விரட்டச் சொன்ன அதே அத்தை. "அழாத. போயி மூஞ்சியக் கழுவு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

உழவு மழை அதற்கு நாலாம் நாள் வந்தது. அண்ணாச்சி ஊர் பெயரை அமுக்க, வரிசை நகர, அந்தத் தங்கச்சி ஒவ்வொருவருக்காகச் சொல்ல, யாரும் மலையேற வேண்டியிருக்கவில்லை. அத்தை நிலத்தில் ஏறத்தாழ பாதி முளைத்தது, ஊருக்கே முந்தி. மீதிப் பாதி தூத்தலுக்கு முளைத்துக் கருகிப்போனது. அதற்கு விதை கேட்டு அத்தை இரண்டு ஊர் நடந்தார், கிடைக்கவில்லை. முந்தி விளைந்ததால் நல்ல விலை கிடைத்து, பாதியே போதும் என்று ஆனது. கணவர் அதற்குப் பிறகு சோலார் பேச்சை எடுக்கவில்லை.

தை பிறந்து ஒருநாள், விதைக்கடைக்காரர் தனக்கும் ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று கூப்பிட்டார். போயிருந்தேன். கடையில் நின்ற ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "மழைத் தேதி போட்ட பிள்ளை நீதானம்மா?" என்றார். எனக்கு முகம் சுருங்கியது. பாதி கருகிப்போனதைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒங்க மாமியாட்ட கேட்டேன், என்னக்கா பாதிதான் வந்திருக்குன்னு" என்றார் அவர். "'மருமக சொன்ன நாளு சரிதான். நான்தான் பாதிய ஆழமாப் போடாம மேலாக்க வெதைச்சுக் கெடுத்துட்டேன்'னு சொன்னாவ. கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா?"

கடைக்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். என் சாஃப்ட்வேரை எத்தனையோ பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள். தப்பு தன்னுடையது என்று தானாகச் சொல்லிக்கொண்டவர் இதுவரை அத்தை ஒருவர்தான். அந்தத் தப்பு மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது.